சரிந்த குசினியும் நம் கிணற்றடியும்

தம்பி,

குழாய்க் கிணறு அடிக்க வந்த லொறியைத் திருப்பி அனுப்பியது நான்தான். அயலவர்கள் தடுத்தார்கள் என்றோ, அனுமதி கிடைக்கவில்லை என்றோ யாராவது உனக்குச் சொல்லியிருந்தால் நம்பாதே. படலையில் நின்று "கொண்டு போங்கோ" என்று சொன்னது இந்த வாய்தான். அன்றிலிருந்து நீ என் அழைப்பை எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பலாம் என்றால், நீ அதை வேகத்தைக் கூட்டிவிட்டுக் கேட்கிறவன். உன் வீட்டில் இருந்தபோது கண்ணால் கண்டேன். உன் பெரியம்மா அரை மணித்தியாலம் உருகி உருகிப் பேசியது கோழி கொக்கரித்த மாதிரி ஓடி முடிந்தது. எழுத்தை அப்படி ஓட்ட ஏலாது. அதனால் எழுதுகிறேன். கதிரையில் இருந்து ஆறுதலாக வாசி.

உன் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆவணியில் உனக்கும் துளசிக்கும் கலியாணம். துளசியின் பக்கமும் நம் பக்கமுமாக ஜெர்மனி, பிரான்ஸ், கனடா என்று ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள். அவர்களை யாழ்ப்பாணத்து விடுதிகளில் விட்டுவிட்டு நாம் மட்டும் கரம்பொனில் இருப்பது உனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் நம் வளவிலேயே தங்க வேண்டும், பின்பக்கம் கட்டிய அறை ஒவ்வொன்றுக்கும் குளியலறை வேண்டும், மேலே பெரிய தாங்கி வைத்து, பைப்பைத் திறந்தால் தண்ணீர் கொட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டாய். தை மாதம் நீ கேட்டபோது நானும் ஓம் என்றேன். ஓம் என்றதோடு நிற்காமல், ஊர்காவற்றுறைச் சந்தையில் கண்ட நாலு பேருக்குச் சொல்லிப் பெருமையும் பட்டேன். இப்போது வேண்டாம் என்கிறேன். இடையில் என்ன நடந்தது என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. இடையில் நான் உன் ஊரைப் பார்த்தேன். அதுதான் நடந்தது.

உன் ஊர் என்று நான் சொல்வது ஜெர்மனியில் நீ இருக்கிற கெல்சன்கிர்ஷனை. விமான நிலையத்தில் இருந்து காரில் வரும்போதே நீ மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டாய். "அம்மா, இது பாக்கிற ஊர் இல்லை. ஒரு சனி ஞாயிறிலை பரிஸுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றாய். வேலைக்காகவும் வாடகை மலிவு என்றும் வந்து தங்கிவிட்ட இடம், வெளியூர்க்காரரிடம் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள் என்றாய். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதில்லை. நான் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் எந்த ஊர் என்று கேட்பார்கள். கரம்பொன் என்றதும் "ஓ, தீவுப் பக்கமோ" என்று உதட்டின் ஒரு ஓரத்தால் சிரிப்பார்கள். என்னவோ நாங்கள் நீந்தி வந்து பள்ளிக்கூடத்தில் ஏறியவர்கள் மாதிரி. அதனால் பார்க்க முன்னரே உன் ஊரின்மேல் எனக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. பரிஸ் எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் நீ மரக்கறி வாங்குகிற கடையைக் காட்டு என்றேன்.

ஆனால் முதல் கிழமையே உன் குசினி என்னோடு சண்டை பிடித்தது. தோசைக்கல்லில் எண்ணெய் விட்டால் அது யன்னல் பக்கமாகப் போய்க் குந்திக்கொண்டது. முட்டை பொரித்தால் மஞ்சள் கருவும் அதே பக்கம். அடுப்பு கோணலாக நிற்கிறது, என் பிள்ளை அதைக்கூடக் கவனிக்காமல் சமைத்துச் சாப்பிடுகிறான் என்று உன்னைத் திட்டிக்கொண்டு, ஒரு காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்தேன். பிறகு ஒரு நாள் கையில் இருந்து ஒரு வெங்காயம் விழுந்தது. விழுந்த வெங்காயம் ஒருவரும் தொடாமலே மெல்ல மெல்ல உருண்டு, குசினி நீளத்துக்கும் போய் அலுமாரிக்குக் கீழே புகுந்தது. எனக்கு உண்மையாகவே பயமாகிவிட்டது. நீ வேலையால் வந்ததும் சொன்னேன். நீ சிரித்தாய். "அடுப்பு இல்லை அம்மா, வீடே சரிவு. கீழை நிலக்கரி தோண்டினவை. நிலம் இறங்கிப் போச்சு" என்றாய். வெளியே மழை தூறுகிறது என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய்.

நீ பகலில் வேலைக்குப் போக, துளசி தனக்கு ஓய்வு கிடைத்த நாட்களில் வந்து என்னை நடத்திக்கொண்டு திரிந்தாள். சொன்னால் நம்பமாட்டாய், எனக்கு உன் ஊர் பிடித்துக்கொண்டது. பெரிய வீதியில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. மிச்சப் பாதியில் துருக்கிக்காரரின் மரக்கறியும் நம்மவரின் மசாலாத் தூளும் இருந்தன. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றிய இரும்புக் கோபுரத்தைக் கழற்றி விற்காமல் பூச்சு அடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நிலத்தில் இருந்து கிளறிய கழிவுக் கல்லைக் குவித்த மேடு இப்போது ஒரு மலையாகி, மரம் முளைத்து, ஆட்கள் நாயோடு ஏறுகிறார்கள். நானும் ஏறினேன், மூன்று இடத்தில் இருந்து இளைப்பாறி. மலை என்ற ஒன்றைக் கண்ணால் காணாத தீவுக்காரிக்கு அது பெரிய காரியம். ஊர் முழுவதினதும் ஊத்தை ஓடிய ஆறு ஒன்றைச் சுத்தமாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று துளசி காட்டினாள். தண்ணீரில் தாரா நீந்தியது. ஊர்காவற்றுறையும் ஒரு காலம் கப்பல் வந்த துறைதானே. இன்றைக்கு அங்கே ஆலமரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரிய வீடுகளைப் பார்த்து நாங்கள் பெருமூச்சு விடுகிறோம். உன் ஊரவர் பெருமூச்சு விட்டதை நான் காணவில்லை. கூட்டித் துப்புரவாக்கத் தும்புத்தடியைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். உன் வீதி முடிகிற இடத்தில், வாய்க்கால் கரையில், கம்பி வேலிக்குள் ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. கடைக்குப் போகும்போதெல்லாம் அதற்குள் இருந்து ஒரு இரைச்சல் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் பூட்டி ஊரே உறங்கும்போதும் கேட்கும். ஒரு நாள் துளசியிடம் அது என்ன ஆலை என்று கேட்டேன்.

"ஆலை இல்லை மாமி, தண்ணி இறைக்கிற பம்ப். ஊர் கீழை இறங்கிப் போச்சு, ஆறு மேலை ஓடுது. பம்ப் நிண்டால் தண்ணி எங்கடை வீடுகளுக்கை வந்திடும்."

"சுரங்கம் பூட்டியாச்சு எண்டாய்?"

"சுரங்கம் பூட்டியாச்சு. பம்பைப் பூட்டேலாது."

"அப்ப எப்ப மட்டும் இறைப்பினம்?"

"எப்பவும்."

"எப்பவும் எண்டால்?"

"எப்பவும் எண்டால் எப்பவும்தான் மாமி. நானும் போய், என்ரை பிள்ளையளும் போனாப் பிறகும்."

உன் வீட்டுக்குக் கீழ்த்தட்டில் இருக்கிற துருக்கிக் கிழவரிடமும் இதைக் கேட்டேன். நான் வடை கொண்டுபோனால் அவர் தோடம்பழம் தருவார். துளசி நடுவில் இருந்து மொழிபெயர்ப்பாள். இருபது வயதில் வந்து, முழங்கால் தேயும்வரை நிலத்துக்குக் கீழே வேலை செய்தவர். நான் அவர் கவலைப்படுவார் என்று நினைத்தேன். அவர் கவலைப்படவில்லை. நல்ல சம்பளம், ஒரு மகள் பல் வைத்தியர், திரும்பக் கூப்பிட்டாலும் இறங்குவேன் என்று நெஞ்சைத் தட்டினார். வீடு சரியுமென்று அப்போது தெரியாதா என்று கேட்டதற்கு, எல்லோருக்கும் தெரியும் என்றார். சுவர் வெடித்தால் வந்து பூசிக்கொடுப்பார்கள், திரும்ப வெடிக்கும், திரும்பப் பூசுவார்கள். "சோறு தருகிற கையிடம் யார் வேண்டாம் என்று சொல்வது?" என்று கேட்டாராம். துளசி அதை இரண்டு முறை சொல்லித் தந்தாள். அன்றைக்கு எனக்கு அது அவரோடு சம்பந்தப்பட்ட கதையாகத்தான் பட்டது.

வைகாசி முடிவில் ஊருக்கு வந்தேன். வந்ததும் குளிக்கப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். இந்த வருடம் தண்ணீர் வேளைக்கே கீழே போய்விட்டது. இந்தக் கிணற்றைப் பற்றி உனக்குத் தெரிந்தது போதாது என்று அப்போதுதான் உறைத்தது. காணி உறுதியில் "கிணற்றில் பாதியும் வழிவாய்க்காலும்" என்றுதான் நமக்கு எழுதியிருக்கிறது. மற்றப் பாதி பின்வளவுச் சரசு அக்காவுடையது. யுத்தத்தில் நாம் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது உனக்கு நாலு வயது. இந்த ஒழுங்கையில் அன்றைக்குத் திரும்பியவை இரண்டே குடும்பங்கள், நாமும் அவர்களும். வீட்டுக்குக் கூரை இல்லை. உன் அப்பாவும் சரசு அக்காவின் புருஷனும் கூரையை விட்டுவிட்டுக் கிணற்றுக்குள்தான் இறங்கினார்கள். ஓடு, மரம், துருப்பிடித்த சைக்கிள் ஒன்று, என்னென்னவோ வந்தது. நானும் சரசு அக்காவும் மேலே நின்று இழுத்தோம். எல்லாம் எடுத்து, இறைத்து, ஊறவிட்டுத் திரும்பத் திரும்ப இறைத்து, கடைசியில் தெளிந்த ஒரு வாளி வந்தது. ஒருவரும் வாயில் வைக்கவில்லை. அப்பா உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "நாங்கள் ஆசையிலை நல்லாயிருக்கெண்டு சொல்லிப்போடுவம். இவன் துப்பிப்போடுவான்" என்று சொல்லி ஒரு கை அள்ளி உன் வாயில் விட்டார். நீ விழுங்கினாய். "இன்னும்" என்றாய். சரசு அக்கா கிணற்றுக்கட்டில் இருந்து விக்கி விக்கி அழுதார். பிறகுதான் நாங்கள் கூரையைப் பற்றிப் பேசினோம்.

தீவில் நல்ல தண்ணீர் என்பது கீழே கிடக்கிற கடல் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரிப் படிந்து நிற்பது. மாரியில் பெய்தது ஊறி நிற்கிற அளவுதான். மெல்ல அள்ளினால் ஆடை வரும். ஆழக் குத்தி உறிஞ்சினால் உப்பு ஏறிவிடும், ஏறிய உப்பு ஒரு மாரியிலும் இறங்காது. அப்பா இருந்த காலத்தில் சின்ன மோட்டரைக் காலையில் கொஞ்ச நேரம் போட்டால் பின்னேரம் வரைக்கும் தொடமாட்டார். உனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்திருக்கும். பஸ் வீதியில் சுவிஸில் இருக்கிற நம்மவர் கட்டிய மாடி வீட்டை நீ போன முறை படம் எடுத்தாயே, "இப்பிடித்தான் கட்டவேணும்" என்று. அவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. உன்னைப் போலத்தான், வந்த சனம் வசதியாகக் குளிக்கட்டும் என்று ஆழக் குழாய் இறக்கினார்கள். ஒரு மாதம் இருந்து கொண்டாடிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது அந்தப் பைப்பில் வருகிற தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. முற்றத்துத் தேசிக்காய் மரம் பட்டுப்போய்விட்டது. அந்த வீட்டைச் சுற்றியுள்ளவர்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்குக் காத்து நிற்கிறார்கள். உன் ஊரில் பிழை நடந்தால், அதற்கு ஒரு பம்பைப் பூட்டி என்றென்றைக்கும் ஓட்ட ஆள் இருக்கிறது. இங்கே உப்பு ஏறினால் ஓட்டுவதற்கு ஒரு பம்பும் இல்லை.

இவ்வளவும் தெரிந்தும், லொறி வருகிற அன்று காலைவரை நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். உன் ஆசையைக் கெடுக்க மனம் வரவில்லை. ஒரு கலியாணம்தானே, ஒன்றும் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லொறி ஒழுங்கைக்குள் நுழைய இடம் போதாமல் வேலியை உரசிக்கொண்டு வந்தது. மேற்பார்வை செய்கிற பொடியனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "எவ்வளவு ஆழம் போவியள்?" என்று கேட்டேன். "ஆழமாய்ப் போனால் தண்ணி கனக்க வரும் அம்மா" என்றான். "உப்பு வருமோ?" "அது வரேக்கைதான் தெரியும்" என்றான். மரியாதையான பொடியன், பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் கிணற்றடியில் கப்பிச் சத்தம் விடாமல் கேட்பதைக் கவனித்தேன். போய்ப் பார்த்தால் சரசு அக்கா. அந்த வயதில் மூச்சு வாங்க வாங்கத் தண்ணீர் இழுத்துக்கொண்டு நின்றார். அவருடைய வீட்டு வாசலில் குடம், வாளி, பெரிய சட்டி, சோறு வடிக்கிற பானை, பேரப்பிள்ளை வந்தால் குளிப்பாட்டுகிற பிளாஸ்ரிக் பேசின், எல்லாம் நிரம்பி வரிசையாக நின்றன. கடைசியாகத் தேத்தண்ணிக் கேத்தலையும் நிரப்பி வைத்திருந்தார்.

"என்ன அக்கா இது?"

"ஒண்டுமில்லை. குழாய் இறக்க முன்னம் கொஞ்சம் நல்ல தண்ணி எடுத்து வைப்பம் எண்டு."

"எனக்கு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

அவர் கயிற்றை விடவில்லை. "என்னெண்டு சொல்லுறது? கலியாண வீடு. தம்பி ஆசைப்பட்டுச் செய்யிறான். என்ரை மனுசனுக்கு வருத்தமாய்க் கிடக்கேக்கை ஆசுப்பத்திரிக்கு ஏத்தி இறக்கின பிள்ளை. அவனிட்டை நான் வேண்டாம் எண்டு சொல்லுறதோ?"

அந்தத் துருக்கிக் கிழவர் என் காதுக்குள் வந்து பேசியது போல் இருந்தது. சரசு அக்காவின் மிளகாய்ப் பாத்தியும் கீரைப் பாத்தியும் அந்தத் தண்ணீரில்தான் நிற்கின்றன. கீரை விற்றுத்தான் அவர் சீவிக்கிறார். அவ்வளவும் போகப்போகிறது என்று தெரிந்துகொண்டு, நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூசி, இரண்டு நாளைக்குப் போதுமான தண்ணீரை எடுத்து வைக்கிறார். எனக்கு வந்தது வெட்கமா கோபமா என்று இன்னும் தெரியவில்லை. திரும்பி வந்து படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு, "கொண்டு போங்கோ தம்பி" என்றேன். பொடியன் உனக்குப் போன் எடுத்துப் பேசினான். நீ என்னோடு பேசவேண்டும் என்றாய். நான் கையை ஆட்டி மறுத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் திரும்ப ஓம் என்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

கலியாணத்துக்கு வழி இருக்கிறது. வருகிற சனம் யாழ்ப்பாணத்தில் தங்கட்டும். பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் வர எவ்வளவு நேரம்? சமையலுக்குப் பவுசர் சொல்லிவிட்டேன். வீட்டில் நாமும் துளசியின் தாய் தகப்பனும் மட்டும். துளசி முந்தநாள் எனக்கு எடுத்தாள். நீ அவளோடும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று அறிந்தேன். "மாமி, நான் வாளியாலை குளிப்பன். எனக்கு அந்த ஷவர் வேணுமெண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. அவர் என்னைக் கேக்கவுமில்லை" என்றாள். இந்த ஒரு வசனத்தை நீ இரண்டு முறை வாசி.

கலியாணத்துக்குப் புத்தி சொல்லச் சொன்னால் தாய்மார் ஆயிரம் சொல்வார்கள். எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். நீ நல்லவன். கேட்காமலே கொடுப்பவன். அப்பாவும் அப்படித்தான் என்பதால் அந்தக் குணத்தோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும். கொடுக்கிறவனிடம் வேண்டாம் என்று சொல்வது மற்றவர்களுக்குக் கஷ்டம். சொல்லமாட்டார்கள். அவர்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துவிடாதே. துளசி கெட்டிக்காரி, வாயும் இருக்கிறது. ஆனாலும் ஒரு நாள் அவளும் உன் ஆசைக்காகப் பேசாமல் இருந்து, தனக்குள் குடம் நிரப்பி வைப்பாள். அன்றைக்கு நீ அதைக் காணவேண்டும். கண்டதும் லொறியைத் திருப்பவேண்டும், அது எவ்வளவு தூரம் வந்திருந்தாலும். உன் ஊரைப் பற்றி யாரிடமும் இனி மன்னிப்புக் கேட்காதே. சரிந்த வீட்டில் எண்ணெய் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்துகொண்டு சமைக்கப் பழகிய சனம் அது. நானும் கடைசிக் கிழமையில் தோசைக்கல்லின் மறுபக்கத்தில் எண்ணெய் விடப் பழகிவிட்டேன்.

லொறி போனபிறகு சரசு அக்கா நிரப்பிய தண்ணீரையெல்லாம் மிளகாய்க் கன்றுக்கு ஊற்றினார். ஒரு குடத்தை மட்டும் கொண்டுவந்து என் குசினியில் வைத்துவிட்டுப் போனார். அதில் மிஞ்சியதில்தான் இன்றைக்குத் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு இதை எழுத இருந்தேன்.

கோபம் ஆறினால் எடு. ஆறாவிட்டாலும் ஆவணியில் வா. வந்து இறங்கியதும் பெட்டியை வைக்க முன்னர் நேரே கிணற்றடிக்குப் போ. கிணற்றுக்கட்டில் சரசு அக்கா இருப்பார், நானும் நிற்பேன். ஒரு கை அள்ளி வாயில் விடு. எங்களுக்கு நல்லாயிருக்கிறது என்றுதான் படுகிறது; ஆனால் நாங்கள் ஆசையில் சொல்லிப்போடுவோம். நீ விழுங்குகிறாயா துப்புகிறாயா என்று பார்த்துக்கொண்டு நிற்போம்.

அம்மா
கரம்பொன்